ஈயக்கட்டி ஆறா, பத்தா

மார்ச் 3
ஏழு கடலையும் கொப்பளித்துத் துப்பிய மகா மூழ்காளனாகிய நான் இன்று ஒரு மலையுச்சி ஏரிக்கு எழுந்தருளினேன். அணை மதகின் அடியில் குப்பை தடுக்கும் கம்பிவலையைப் பார்க்க வேண்டுமாம். இருபத்தைந்து மீட்டர் ஆழம். இறங்கப்போவது அக்கா மகள். ஆழத்தில் காதுச்சவ்வு கிழிந்ததிலிருந்து எனக்குக் கரையில்தான் ராஜ்ஜியம்: மூழ்குபவரை அமிழ்த்தும் ஈய பெல்ட் கட்டுவது, பதிவேடு எழுதுவது.

மார்ச் 4
இன்று எழுத முடியாது.

மார்ச் 6
கடலோர மருத்துவமனை. அவள் ரத்தத்தில் சேர்ந்த குமிழியைக் கரைக்கும் அழுத்த அறைக்குள் இருக்கிறாள். வட்டக் கண்ணாடி வழியே நெற்றி மட்டும் தெரிகிறது.

நடந்ததை எழுதுகிறேன். புது ரப்பர் உடை, தடித்தது. பெல்ட்டில் ஆறு ஈயக்கட்டி கோத்து, பதிவேட்டில் ஆறு என்று எழுதினேன். இறங்கியவள் முங்கவேயில்லை. கரையில் மதகுக்காரர் சிரித்தார்: "என்ன அண்ணே, உங்க பொண்ணு தக்கை மாதிரி மிதக்குது?" எனக்கு மானம் போயிற்று.

அவள் சொன்னாள்: "மேல காத்து லேசு மாமா, ரப்பர் சூட்டு ஊதிக்கிச்சு. கொஞ்சம் இறங்கினா தானா அமுங்கிடும். கயித்தப் புடிச்சுப் போயிக்கிறேன்."

"திமிங்கிலத்துக்கே நீச்சல் சொல்லிக் குடுத்தவன்டி நான். ஒண்ணே ஒண்ணு சேக்குறேன், திரும்பு" என்றேன். முதுகுப் பக்கம் நாலு கோத்தேன். என் வழக்கமான குறும்பு.

கடப்பாரை போல இறங்கினாள். மதகுக்காரர் கை தட்டினார். நான் குனிந்து வணக்கம் வேறு வைத்தேன்.

அந்த ரப்பருக்குள் கோடிக் குமிழி. மலைமேல் அழுத்தம் குறைவு, குமிழி பருக்கும். நீருக்குள் நசுங்கும், மிதப்பும் போகும். கடலில் முப்பது வருடம் பார்த்தது. ஆனால் மேலே அதிகமாக ஊதியது கீழே அதிகமாக ஏமாற்றும் என்று எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. அடிச்சேற்றில் புதைந்து, மிதக்க உதவும் காற்றுச் சட்டையை ஊதியும் எழ முடியாமல், கடைசியில் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறாள். ஏற ஏற உடை மறுபடி ஊத, அம்பு போல மேலே வந்து விழுந்தாள்.

"மாமா, கால் எங்க இருக்கு?" என்றாள்.

ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகி நரம்பைக் கெடுக்கும். ஆம்புலன்ஸ் கணவாயைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஏறிய ஒவ்வொரு வளைவிலும் ரத்தத்துக்குள் குமிழி பருத்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9
அவள் கையில் பலம் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவுமில்லை.

மார்ச் 11
விசாரணை அதிகாரி வாசித்தார்: ஆறு கட்டி, சரியான எடை, பெண் பதறி பெல்ட்டைக் கழற்றியதே காரணம். அவள் மூழ்கும் உரிமம் ரத்தாகலாம். நான் வாய் திறக்கவில்லை. பெல்ட் சேற்றில் கிடக்கிறது; யார் எண்ணப் போகிறார்கள்?

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "அவ பதறுற பொண்ணாடா?"

ஊரெல்லாம் அளந்த வாய். "பஸ் வந்துடுச்சுக்கா" என்றது.

மார்ச் 12
அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். பத்து. பதிவேட்டில் ஆறை அடித்துப் பத்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் என் உரிம அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அவளிடம் சொன்னேன். "ஒண்ணுன்னுதானே சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 2
அவள் பேர் மேல் தப்பில்லை என்று கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன். தலையணைக்கடியில் வைக்கச் சொன்னாள்.

உணர்வு திரும்பியதா என்று தினம் காலையில் அவள் பாதத்தில் பனிக்கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அந்த வேலை எனக்கு. இன்றும் வைத்தேன். உருகி என் விரலிடுக்கில் வழிந்தது.

"வைங்க மாமா, எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள்.