இரண்டாவது பை

மார்ச் 3, செவ்வாய்

இன்றே கடையில் கடைசி நாளாகிவிட்டது. காலையில் அப்படி நினைக்கவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இன்னும் இரண்டு மூக்குக்கண்ணாடியாவது முடித்துக் கொடுக்கலாம் என்றுதான், லென்ஸ் தீட்டும் இயந்திரத்தின் மேல் துணிகூடப் போடாமல் கிளம்பினேன்.

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வெளியே வர வேண்டிய வாசலையே அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம்.

"வலி வரட்டும்னு காத்திருக்க முடியாதும்மா. அதுக்கு முன்னாடியே ரத்தம் போக ஆரம்பிச்சிடலாம். அடுத்த வாரமே வந்து படுத்துக்கோங்க. ஆபரேஷன் பண்ற வரைக்கும் எங்க கண்ணு முன்னாடியே இருங்க."

கூடவே பெண் துணை ஒருவர் தங்க வேண்டும். ஆண்களைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் விடுவார்கள்.

பஸ்ஸிலிருந்தே முதலாளிக்கு போன் செய்தேன். பாதியில் விட்டுவந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முதல்ல உட்காரும்மா" என்றார். நான் நின்றுகொண்டு பேசுவது அவருக்கு எப்படித் தெரிந்தது?

மார்ச் 4, புதன்

யார் துணைக்கு வருவது? வீட்டில் இதே பேச்சு. அம்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அத்தைக்கு மருந்து வாசனை பட்டாலே தலை சுற்றும். ஒருமுறை இவருக்குக் காலில் தையல் போட்டபோது துணைக்குப் போய், மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் தானும் படுத்தவர். "நான் வந்தா டாக்டருக்கு ரெட்டை வேலைம்மா" என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்த கையோடு கண் கலங்கிவிட்டது. பாவம்.

மிச்சம் அக்காதான். ஆனால் அக்கா என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

அக்காவின் குழந்தை நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. நான்கு வருடம் ஆகப்போகிறது. பெண் குழந்தை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. "பார்க்காதே, தாங்கமாட்டே" என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு அக்கா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. பள்ளியில் போட்டி இருக்கிறது, பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகிறேன் — விளையாட்டு டீச்சருக்குக் காரணமா கிடைக்காது? நானும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

மார்ச் 6, வெள்ளி

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கியதும் நேராக அங்கேதான்.

யாரைக் கேட்டுப் போனாரு? அவளால மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே போயி நிக்கிறது என்ன நியாயம்?

"அவ மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். உன்னையும் யோசிச்சேன். உன் பக்கம்தான் சாஞ்சுது. நான் என்ன பண்ணட்டும்?"

கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. "அவ என்ன சொன்னா?"

"உள்ள போயி முகம் கழுவிட்டு வந்தாங்க. 'ஞாயித்துக்கெழமை வர்றேன் மாப்ள. அதுவரைக்கும் அவளைப் பை எதுவும் கட்ட வேணாம்னு சொல்லுங்க'ன்னாங்க."

மார்ச் 7, சனி

பை கட்டிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள் — "வீங்கியிருக்கே" — நடுவில் இருப்பதை மட்டும் பார்க்கவில்லை.

பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறியா, டூரு போறியா?" நாவல்கள், முகப்பூச்சு, ஆசையாக வாங்கிய புது நைட்டி. நைட்டிக்கு முதுகுப் பக்கம் பொத்தான். "இதை எப்படித் திறந்து பால் குடுப்பே?" என்று கேட்டவள், அந்தச் சொல்லில் ஒரு நொடி நின்றாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

தான் கொண்டுவந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். முன்பக்கம் திறக்கும் பழைய பருத்தி நைட்டிகள். பிளக் கட்டிலுக்கு எட்டாது என்று நீள ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தையல்மேல் எலாஸ்டிக் படக்கூடாது என்று இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் பெரிய ஜட்டிகள். பாட்டிமார் போடுவது போலிருந்தது, இருவருமே சிரித்துவிட்டோம். ஒரு கட்டு ஸ்ட்ரா. "ஆபரேஷனுக்கப்புறம் தலையைத் தூக்கவிடமாட்டாங்க. படுத்தவாக்குலயே உறிஞ்சிக்கலாம்." அவளுக்கும் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எல்லாம் தெரிந்தவள்.

கவிழ்த்த குவியலின் அடியில் நான் எடுத்துவைத்த பிள்ளைத் துணி இருந்தது. துவைத்துத் துவைத்து மிருதுவாக்கிய துண்டுத் துணிகள், குல்லாய், காலுறை. பிரித்துப் பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளி வேறொரு சின்னப் பையில் போட்டு, அலமாரி மேலே ஏற்றிவிட்டாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். அப்புறமா மாப்ள கொண்டு வரட்டும்."

"ஏன்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

"என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா."

சொல்லியிருக்கக் கூடாது. அதிலும் அந்த "என்" — கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது. அக்கா பெரிய பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

மார்ச் 9, திங்கள்

போன் எடுக்கவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வராமல் போய்விடும் என்றுதான் நினைக்கிறாளா? அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பை தெரிகிறது. எனக்கும் இப்போது அதே நினைப்பு தொற்றிக்கொண்டது. பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் வயிற்றைத் தட்டி எழுப்புகிறேன். தூங்குகிற பிள்ளையை நிம்மதியாகத் தூங்கவிடாத முதல் அம்மா நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

சாயங்காலம் அக்கா வந்தாள். பள்ளியிலிருந்து நேராக, கழுத்தில் விசிலோடு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை நகர்த்திவிட்டுத் தானே கழுவ ஆரம்பித்தாள். குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிலேருந்து திரும்பி வரும்போது பிள்ளைத் துணிப் பையை யாரு தூக்குறதுன்னு யாருக்கும் தெரியல. உங்க மாமா தூக்கல. அம்மா தூக்கல. அப்படி ஒரு பையே அங்க இல்லாத மாதிரி நின்னாங்க எல்லாரும். கடைசில நான்தான் தூக்கிட்டு வந்தேன். பச்சைத் தையலோட. அதான்டி. உன் பிள்ளையைப் பத்தி வேற ஒண்ணும் நினைக்கல."

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பையைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

"அப்போ அது இங்கேயே இருக்கட்டும்க்கா."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அலமாரி மேலிருந்து அந்தப் பையை எடுத்து வந்தாள்.

"வேணாம். எடுத்துட்டே போவோம். எப்படி ஆனாலும் நான் தூக்குறேன்."

எப்படி ஆனாலும். இதை இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. "நல்லபடியா நடக்கும்" என்றுதான் ஆளாளுக்குச் சொன்னார்கள்; சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் ஏறியது. இன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

வார்டில் சேர்ந்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில். வெளியே கார் நிறுத்தும் இடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிகின்றன. எங்கள் வரிசையில் எல்லோருடைய போனும் அக்காவின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் சார்ஜ் ஏறுகிறது. அதனாலேயே அவள் பேச்சுக்கு இங்கே மறுபேச்சு இல்லை. மின்விசிறி ஓடவில்லை என்று அவள் போட்ட சத்தத்தில் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். பார்க்க வந்த இவர் மெதுவாகக் கேட்டார்: "ரெஃபரி எப்படி?"

பிள்ளை உதைக்கும்போது நான் அவளிடம் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று உதைத்த உதையில் போர்வையே ஆடியது. அக்கா பார்த்துவிட்டாள். "ஃபவுல்" என்றாள்.

மார்ச் 19, வியாழன்

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலில் வெதுவெதுன்னு என்னமோ இறங்குச்சு. கீழே பார்த்தேன். தரை பூரா — வேண்டாம், எழுதவில்லை.

அக்கான்னு கத்தினேனா இல்லையா, தெரியாது. விசில் சத்தம் கேட்டது. நிஜ விசில். வார்டே எழுந்து உட்கார்ந்தது, நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். இவர் கிரேன் மேலே இருந்தார், போன் எடுக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து அக்காதான் போட்டாள். தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். கதவில் நிறுத்திவிட்டார்கள்.

"இங்கதான் இருப்பேன்" என்றாள். "எங்கயும் போகமாட்டேன்."

மயக்க மருந்து முகமூடி வரும்வரை அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பையன். சின்னவன். வந்ததும் கத்தினானாம். நான் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மூச்சு சீராகும்வரை அவனைக் குழந்தைகள் பிரிவில் வைத்திருக்கிறார்கள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, ரத்தம் ஏற்றுகிறார்கள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம், அதுவும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமாம். முதல் நாள் அக்கா அந்தக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றாளாம், நர்ஸ் சொன்னார். கூப்பிட்டும் நகரவில்லையாம். பிறகு கையைக் கழுவினாளாம். மறுபடியும் கழுவினாளாம். பிறகு உள்ளே போனாளாம்.

இப்போது போய் வந்து எனக்கு வர்ணனை சொல்கிறாள். "ஒரு கையை விரிச்சுட்டுத் தூங்குறான். கொட்டாவி விட்டான். குளிர்ற மாதிரி இருக்கு, அந்தக் குல்லாயைக் குடு." சின்னப் பையைத் தானே திறந்து தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

பெத்தவ நான். முதல்ல பார்த்தது அவ. ஒரு நிமிடம் வயிறெரிந்தது. எழுதிவிட்டால் ஆறும் என்று எழுதுகிறேன். ஆறவில்லை. ஆனால் அவள் திரும்பி வந்து, ஸ்ட்ராவை என் வாயில் வைத்துவிட்டு, "உன்னை மாதிரியே உதட்டைப் பிதுக்குறான்டி" என்றபோது ஆறிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். பார்த்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டான். வேறெதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

வீடு. அத்தை வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரி வாசனை அடிக்குதே" என்றார். ஆனாலும் கீழே விடவில்லை, தலையும் சுற்றவில்லை. இவர் மதியம்வரை எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே இருந்தார். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்காவுக்கு லீவு முடிந்துவிட்டது. நாளையிலிருந்து பள்ளிக்கூடம். மதியம் பையனைக் குளிப்பாட்டி, மடியில் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் துணியால் ஒற்றியவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"இவனுக்குக் காது ஒட்டியிருக்கு. என் பொண்ணுக்கு நுனி கொஞ்சம் மடிஞ்சிருக்கும்."

என் பொண்ணு. அக்கா வாயிலிருந்து இதை நான் கேட்டதே இல்லை. டீ கொண்டுவந்த இவர் வாசற்படியிலேயே நின்றார், பிறகு சத்தமில்லாமல் திரும்பிப் போனார். அழுதால் பேச்சு நின்றுவிடும் என்பது தெரிந்தது.

"மூக்கு?" என்று கேட்டேன்.

"மூக்கு உங்க மாமா மூக்கு. பாவம்." சிரித்தாள்.

"முடி?"

"நிறைய. நம்ம அம்மாவுக்கு மாதிரி சுருட்டை. நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." பையனின் நெற்றியை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். பிறகு, "யாருமே இதெல்லாம் கேக்கலடி" என்றாள். "இன்னும் கேளு."

விரல் எப்படி, நகம் இருந்ததா, என்ன நிறம், கன்னத்தில் குழி விழுமா — பையன் பாலுக்கு அழும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.