தட்டினால் புறப்படும் வண்டி

டி. கல்லுப்பட்டி,
30.1.2025

அன்புள்ள மாப்ள காளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத ஆசைதான். எனக்கு நலமில்லை. போன் மணி அடித்தாலே நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடுகிறது. அதை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

மாரடைப்புதான் என்று பயந்து டாக்டரிடம் போனேன். இதயத்தில் ஒன்றுமில்லையாம். போன மாதம் ஸ்கூட்டியில் வந்த பெண் நம் பஸ் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தப்பித்தாளே, அன்று ஏறிய படபடப்பு இறங்கவே இல்லை. "ஆபத்துன்னா ஒடம்புல அட்ரினலின், கார்டிசால்னு சுரக்கும். ஆபத்து போனதும் அடங்கணும். ஒங்களுக்கு அடங்கல. அதான் தூக்கமில்ல, எரிச்சல், பயம்" என்றார். காலையில் நடக்கணும், டீயைக் குறைக்கணும், மூச்சை மெதுவாக விட்டுப் பழகணும், மனசில் உள்ளதை யாரிடமாவது சொல்லணுமாம். கடைசியில்தான் குண்டைப் போட்டார். "மூணு மாசம் ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க."

அது முடியுமா? முதலாளி வேறு டிரைவரைப் போட்டால் நான் அம்போதான். பத்தாம் தேதி டூட்டிக்கு வருகிறேன். யாரிடமும் மூச்சு விடாதே. ஒரே உதவி, நீ விசில் அடிக்காதே. அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பே தூக்கிப்போடுகிறது.

உன்
அழகுபாண்டி


ஆனையூர்,
4.2.2025

மாப்ளைக்கு,

பன்னிரண்டு வருஷமாக உன் முதுகைப் பார்த்தே டிக்கெட் கிழிக்கிறவன் நான். நீ கேட்டு மாட்டேன் என்பேனா? டாக்டர் சொன்னதை முதலாளியிடம் சொல்லிவிடுவோம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

விசிலுக்குப் பதில் பஸ் தகரத்தில் தட்டுகிறேன். ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ. டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. நீ குடிக்கிற டீக்குத் தனியாக ஒரு மாடு கறக்கணும். தங்கச்சி முத்துச்செல்வியைக் கேட்டதாகச் சொல்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது மாப்ள.

காளை


டி. கல்லுப்பட்டி,
13.2.2025

காளை,

அந்த அம்மா பிழைத்துக்கொண்டாரா? அதை மட்டும் முதலில் எழுது.

வண்டியூரில் தெப்பத் திருவிழாவுக்கு அம்புட்டுக் கூட்டம். ரெண்டு தட்டு கேட்டது, வண்டியை எடுத்தேன். தட்டியது நீ இல்லை, படியில் தொங்கிய எவனோ வழக்கம்போலத் தட்டினான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ கத்திய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். படிக்கும் தரைக்கும் நடுவே, இறங்கிக்கொண்டிருந்த அந்த அம்மா.

கூட்டம் தள்ளிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னாயே, அதையே பிடித்துக்கொள். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. கண்ணை மூடப் பயமாக இருக்கிறது.

அழகுபாண்டி


ஆனையூர்,
17.2.2025

மாப்ள,

அந்த அம்மா பெயர் பாண்டீஸ்வரி. கை முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நாந்தேன் தம்பி அவசரப்பட்டு எறங்கிட்டேன். டிரைவரு பாவம், ஏசிப்புடாதீக" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

நேரே ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டுகிற யோசனை என்னுடையது, டாக்டர் பேச்சை மறைத்தது நாம் ரெண்டு பேரும். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். உன் டாக்டர் சீட்டைக் கேட்கிறார். உனக்கு வண்டி கொடுப்பாரா என்று தெரியாது.

நீ திரும்பவும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தால் அடுத்த ஆள் செத்திருப்பார். அந்தப் பயத்தில் சொன்னேன். ஏசணும் என்றால் ஏசி எழுது.

காளை


டி. கல்லுப்பட்டி,
26.2.2025

மாப்ள,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையில் கிடைத்த செம்பைச் சுவரில் எறிந்தேன். முத்துச்செல்வி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிய மனைவி என்னைப் பார்த்து அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மறுநாளே சீட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் முதலாளி. உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன். சரி என்றார், போய்ப் பார்.

நீ செய்ததுதான் சரி. ஆனால் கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தாலே அதையும் அரிசிப் பானைக்குள் போட்டுவிடத் தோன்றுகிறது. கோபத்தில் இல்லை, பயத்தில். நானாக எழுதுகிறவரை நீ எழுதாதே. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் தினமும் எனக்குச் சோறு இறங்குகிறது.

அழகுபாண்டி