அரக்கோணம் தாண்டிப் போன அந்தோணிக்கு

என் ஆசை அண்ணனுக்கு,

உனக்கு எந்த முகவரிக்குக் கடிதம் எழுதுவது என்பது நீ இருந்த காலத்திலேயே எனக்குத் தெரிந்ததில்லை. அதனால் இது ஒன்றும் புதுக் கஷ்டம் இல்லை. பத்திரிகையில் போட்டால் யாராவது ரயிலில் படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நீ பேப்பர் படித்ததே அப்படித்தானே?

இங்கே நாங்கள் நலம். மேனாம்பேட்டு வீட்டில்தான் இருக்கிறோம், நீ கடைசியாக வந்து படுத்த அந்த முன்னறையில் இப்போது தையல் மிஷின் போட்டிருக்கிறேன். பெரம்பூர் கண்ணாடிக் கடை வேலைக்குத் தினமும் லோக்கல் ரயிலில்தான் போய்வருகிறேன். பூந்தமல்லி பக்கம் மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஸ்டேஷன்களில் டிக்கெட் காட்டாமல் கேட் திறக்காதாம், உனக்குப் பிடித்திருக்காது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. உன்மேல் ஒரு பாட்டு இருக்கிறது, அண்ணா. யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை. சாயங்கால ரயிலில் வேலை முடிந்து வருகிற பையன்கள் பெட்டியின் தகரத்தைத் தட்டிக்கொண்டு பாடுகிறார்கள்.

*அரக்கோணம் தாண்டிப் போறான் அந்தோணி,
அவனப் போல ஊரு சுத்த யாரு நீ?*

முதல் தடவை லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்தபடி, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைக் கேட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பாட்டில் நீ அண்ணனூர் தாண்டி வேகமெடுத்த எக்ஸ்பிரஸில் ஒற்றைக் கையால் தொற்றி ஏறுகிறாய். டி.டி.ஆர். துரத்துகிறார், நீ பெட்டிக்குப் பெட்டி தாவுகிறாய். ஒவ்வொரு ஜங்ஷனிலும் உனக்காக ஒரு பெண் பூ வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடந்தது என்னவென்று எனக்கல்லவா தெரியும்? வில்லிவாக்கம் லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அரக்கோணம் லோக்கலில் ஏறினாய். கொரட்டூர் வருவதற்குள் தூங்கிப்போனாய். இந்த லைனில் ஷிப்ட் பார்க்கிற யாருக்குத்தான் அது நேர்ந்ததில்லை? அம்பத்தூரில் இறங்க வேண்டியவர்கள் அரக்கோணத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்கள். நீ மட்டும் எதிர் பிளாட்பாரத்தில் நின்ற வண்டியில் ஏறிவிட்டாய். அது எங்கே போகிறது என்றுகூட யாரையும் கேட்கவில்லை.

ஏன் ஏறினாய்? அம்மா சாகிறவரை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ எப்போதோ ஒருமுறை தாடியும் பையுமாக வருவாய், வயிறு நிறையச் சாப்பிடுவாய், கேட்டால் சிரிப்பாய். "கடல் நடுவுல வண்டி போவும்போது பெட்டில ஒருத்தரும் பேச மாட்டாங்க ஸ்டெல்லா. கைக்கொழந்தகூட கம்முனு கீது" என்று ஒருநாள் சொன்னாய். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

பாட்டின் அடுத்த அடியைக் கேட்டபோதுதான் என் சிரிப்பு நின்றது.

*ஊடு இல்ல வாசல் இல்ல அவனுக்கு,
ஒப்பாரிக்கு ஆளும் இல்ல அவனுக்கு.*

நம் பக்கத்துச் சாவு வீட்டில் கானா பாட வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். போனவர் பேர் என்ன, வீடு எங்கே, அழுகிறவர்கள் யார் யார்? சொன்ன பேரையெல்லாம் ஒன்று விடாமல் பாட்டில் வைப்பார்கள். தன் பேர் விட்டுப்போனால் சண்டைக்கு வருகிற அத்தைகளைப் பார்த்திருக்கிறோம். பாட்டில் பேர் வந்தால்தான் அது உறவு. உன் சாவுக்கு நாங்கள் கானா வைக்கவில்லை, கோயில் குழுவினர் இரண்டு பாட்டுப் பாடி அடக்கம் செய்தார்கள். உனக்கு அழ ஆளில்லை என்று ஊரே பாடிவிட்டால், நான் யார்?

அந்த வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் பொறுக்க முடியாமல் வில்லிவாக்கத்தில் இறங்கி ஓடிப்போய் அவர்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். சரியான கூட்டம். பாடுகிறவன் பேர் கார்த்தி, பெரம்பூரில் காண்ட்ராக்ட் வேலை, திருநின்றவூரிலிருந்து வந்து போகிறவன். நான் அவன் முன்னால் போய் நின்றதும் கூச்சல் போட்டதற்குத் திட்டப்போகிறேன் என்று நினைத்துத் தகரத்திலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"தம்பி, ஒப்பாரிக்கு ஆள் இல்லன்னு பாடுறியே, அது பொய்" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற? பாட்டுதானக்கா அது."

"அந்தோணி எங்க அண்ணன். மேனாம்பேட்டுல வீடு இருக்கு. போன தவக்காலத்துல நெஞ்சுல சளி கட்டி, என் மடியிலதான் செத்தான். நான்தான் அழுதேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஐயோ பாவம் என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். கதவோரம் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாம்மா சொல்ற நீ? போன மாசம்கூட காட்பாடில பாத்தேனே. கொய்யா துன்னுகினு நின்னுகினு இருந்தாரு. நல்லாத்தான் கீறாரு."

பெரம்பூர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெரியவர் ஒருவர் தலையசைத்தார். "நீங்க வேற யாரோ அந்தோணியச் சொல்லுதீங்கம்மா. இந்த ஆளு சாவுற ஆளு இல்ல. எங்க மாமா அவரோட விஜயவாடா வரைக்கும் ஒரே பெட்டில போயிருக்காரு." பின்னாலிருந்து ஒருவன், நீ இப்போது வடக்கே பனி விழுகிற ஊரில் இருப்பதாக அடித்துச் சொன்னான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உன் கண்ணை மூடியவள் நான், உன் சவப்பெட்டியின்மேல் கையால் மண் போட்டவள் நான். என்னிடமே நீ உயிரோடு இருப்பதாகச் சாதிக்கிறார்கள்! அந்தக் கோபத்தில், நான் இறங்க வேண்டிய அம்பத்தூர் வந்ததும் போனதும்கூட எனக்குத் தெரியவில்லை.

கார்த்தி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நம்பிவிட்டான். பக்கத்தில் வந்து, சாவு வீட்டில் கேட்பது போலவே மெதுவாகக் கேட்டான்.

"உம் பேரு இன்னாக்கா?"

"ஸ்டெல்லா."

"ஊட்ட பாட்டுல வெக்கிறேன்க்கா. உன்னையும் வெக்கிறேன். சாவ மட்டும் வெக்கச் சொல்லாத."

"ஏன்ப்பா?"

"இங்க கீறவங்கள பாருக்கா. அல்லாரும் சீசன் டிக்கெட்டு. காலைல இதே ரயிலு, சாயங்காலம் இதே ரயிலு. ஒருத்தனும் அரக்கோணத்தத் தாண்டுனது இல்ல. அவரு ஒருத்தராச்சும் போய்கினே இருக்கட்டும்க்கா."

திரும்பிப் பார்த்தேன். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடி, பெட்டி முழுக்க மாதப் பணம் கட்டிப் போய்வருகிறவர்கள். டிக்கெட்டே எடுக்காத உன்னை இவர்கள்தான் பாடிப் பாடிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு அந்தோணியா இது? சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொள்ளத் தெரியாதவன், ரசத்துக்கு அப்பளம் இல்லையென்றால் முகத்தைத் தூக்குகிறவன். உன்னை நான் ஒரு வீட்டுக்குள் வைத்து அழுதுகொண்டிருந்தேன் அண்ணா. நீ எவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது.

"சரிப்பா, அப்படியே பாடு" என்றேன்.

அவன் தகரத்தில் தட்டினான்.

*ஊடு கீது மேனாம்பேட்டுல அவனுக்கு,
உருகி அழ ஸ்டெல்லா கீறா அவனுக்கு.*

இரண்டாவது தடவை பெட்டியே சேர்ந்து பாடியது. கொய்யா அம்மாளும் பாடினாள். ஆவடியில் இறங்கி நின்றேன். பட்டாபிராம் பக்கம் போகிற ரயிலிலிருந்து என் பேர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றபடியே அழுதேன். அடக்கத்தன்று அழுததைவிட அதிகமாக அழுதேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நீ செத்துப்போனாய் என்று இந்தக் கடிதத்தில் எழுதியதுதான் கடைசி. இனிமேல் யாரோடும் அதற்காக வாதாட மாட்டேன். காட்பாடியில் பார்த்தேன், பனியில் பார்த்தேன் என்று யார் வந்து சொன்னாலும், "எப்படி இருக்கான்? சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பாட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிற
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா