கிஸ்லாப்பின் வலது கை

இலோய்லோ, 3 மார்ச்

அன்புள்ள ரோடெல்,

நானும் தாலாவும் நலம். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. என்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது, திட்டாமல் படி.

கல்லூரியில் நீ வரைந்த கிஸ்லாப் படக்கதையைத் தாலா அலமாரியில் கண்டெடுத்தாள். வலது கை முழுக்க, தொட்டதோடு சேர்ந்து வெடித்து அழியும் எதிர்ப்பொருளால் ஆன உன் வீரன்! நீ கப்பலில் இரண்டாம் முறை ஒப்பந்தத்தை நீட்டித்த வாரம் அது. "அப்பா ஏம்மா வரல?" என்று அரித்தெடுத்தாள். அரிசி களைந்துகொண்டே, "உங்கப்பா கையும் அந்தக் கைதான்டி. தொட்டா ஊரே வெடிச்சிடும், அதான் கடல்லயே இருக்கார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிறன்று எதிர்வீட்டு நெஸ்தோர் கப்பலிலிருந்து வந்தார். தெருப் பிள்ளைகளெல்லாம் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கின. இவள் என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா வந்தா நான் இப்படிப் பண்ண மாட்டேன். எல்லாரும் செத்துடுவோம்" என்கிறாள்.

மே மாதம் நீ வரும்போது மகள் ஓடி ஒளிந்தால் நான் என்ன செய்வேன்? வெடிக்காது என்று அவள் நம்பும்படி ஒரு காரணம் எழுது. என் பழைய கேள்விக்கும் பதில் பாக்கி: காற்று பட்டாலே அந்தக் கை அழிந்துபோகுமே, வீரன் எப்படி உயிரோடு இருக்கிறான்?

அமிஹான்

சாண்டோஸ் துறைமுகம், 2 ஏப்ரல்

என் அமிஹானுக்கு,

காந்த உறை. கைக்கும் உறைக்கும் நடுவே வெற்றிடம். கை எதையும் தொடாமல் மிதக்கும். ஏழு வருஷம் கழித்துப் பதில், ஒத்துக்கொள்.

தாலாவிடம் வாழைப்பழத்தைக் காட்டு. அதிலுள்ள பொட்டாசியம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எதிர்ப்பொருள் துகள் ஒன்றை உமிழும். பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும், துளி ஒளியாகும், அவ்வளவுதான். தினம் இரண்டு பழம் தின்கிறவள் வெடித்தாளா?

இன்னொன்று. மேலும் மூன்று மாதம் இருக்கச் சொல்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போன தடவை போட்டது பணத்துக்கு மட்டுமில்லை, அமி. அவளை மூன்று வயதில் விட்டு வந்தேன். என்னைப் பார்த்து அவள் ஒளிவதை நினைத்தால், இந்த இயந்திர அறையே மேல் என்று தோன்றுகிறது.

ரோடெல்

இலோய்லோ, 20 ஏப்ரல்

ரோடெல்,

உன் உறை செல்லாது. மின்னூட்டம் இல்லாத அணுவைக் காந்தம் கடுங்குளிரில்தான் பிடித்து வைக்கும். அவ்வளவு குளிர்ந்த கையை எந்தப் பிள்ளை பிடிக்கும்? எதையும் தொடாமல் மிதப்பவனோடு யார் குடும்பம் நடத்துவது?

வாழைப்பழம் பலித்தது. காதில் வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு தின்றாள். "அப்பா கையில எத்தனை வாழைப்பழம் இருக்கு?" என்றாள். நீ விட்டுப்போன வேலைக் கையுறையில் அரிசியை நிரப்பி, நெற்றியில் ஒற்றிப் பத்து வரை எண்ணினாள். "அரிசிக் கை வெடிக்கல. ஆனா இது அப்பா இல்லையே" என்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு இருக்கும் தாளில் அவள் தன் கையை வரைந்திருக்கிறாள். நீ அதன்மேல் உன் கையை வைக்க வேண்டுமாம். "கடல்ல வெடிச்சா மீனுக்குத்தானே!" என்கிறாள்.

நீ நீட்டித்த பதினைந்து மாதத்தில் நானும் ஒரு கையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்தை யோசித்துப் போடு.

அமி

நடுக்கடல், 9 மே

தாலாக் கண்ணுக்கு,

இன்று காலை பத்து மணிக்குச் சோதனை நடந்தது. சமையற்காரர் பெனிங்கோ மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு எண்ணினார். மூன்று, இரண்டு, ஒன்று. வைத்தேன்.

வெடிக்கவில்லை. உன் கை என் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கிவிட்டது. கிரீஸ் கறை பட்டுவிட்டது, மன்னித்துக்கொள். அம்மாவிடம் சொல், காந்த உறை விஷயத்தில் அவள்தான் ஜெயித்தாள். அந்த மூன்று மாதத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை என்றும் சொல்.

நீ அனுப்பிய தாளைத் தபாலில் திருப்பி அனுப்பவில்லை. இருபத்தெட்டாம் தேதி நானே கொண்டு வருகிறேன். பயமாக இருந்தால் முதலில் ஒரு விரலை மட்டும் தொட்டுப் பார். மிச்ச நாலும் காத்திருக்கும்.

அப்பா