பெரிய டாக்டரின் நாய்

என் அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் அம்மா சுகம். நாய் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "இரு, ஒரு கேஸ் வந்திருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாதல்லவா?

நீ எழுதி அனுப்பிய அறிவுரைகள் வந்து சேர்ந்தன. உங்கள் மிருக ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர் இடம் காலியாகிறது, மறுபடி விண்ணப்பம் போடு, இந்தத் தடவையாவது இப்படி இப்படி நடந்துகொள் என்று இரண்டு பக்கம். விலங்குகள் என்றால் எனக்கு உயிர் என்று விண்ணப்பத்தில் எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், உன் கை என்னென்ன வேலை செய்யும் என்று எழுது என்கிறாய். பழைய இடத்தைப் பற்றிக் குறை பேசாதே என்கிறாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்கிறாய். எல்லாம் சரி தாயே. இதையெல்லாம் நம் சமையலறையில், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார்? நான்தானே பெரிய டாக்டர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து உன்னைக் கேள்வி கேட்டேன்? என் சரக்கையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய், அதுவும் தபால்தலை ஒட்டி.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? நாம் வேலை பார்த்த கிளினிக்கை நம் முதலாளிக் கிழவர் மூடிய அன்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் தெருவுக்கு வந்தோம். (அந்த இடத்தில் இப்போது பேக்கரி. நாம் எக்ஸ்ரே எடுத்த அறையில் கேக் அலமாரி நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.) உங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தது ஒரே ஒரு இடம். இருவரும் போடுவோம், யாருக்குக் கிடைத்தாலும் ஒரே குடும்பம்தானே என்று தாராளமாகப் பேசினேன். எப்படியும் எனக்குத்தான் கிடைக்கும் என்ற தைரியத்தில் வந்த தாராளம் அது என்று உனக்கும் தெரியும். வாத்தியார் ஃபெயில், மாணவி பாஸ். இப்போது நீ எலும்புக்குத் தகடு வைக்கிறாய். நான் தீவனக் கம்பெனிக்காகப் பண்ணை பண்ணையாகப் போய், இந்த மூட்டையைப் போட்டால் கோழி நன்றாக முட்டையிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா பக்கத்து வீட்டில், மகள் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், மாப்பிள்ளை கோழிக்குச் சாப்பாடு விற்கிறார் என்று சொல்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம்.

உன் அறிவுரையில் கடைசியாக, கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறாயே, பெரிய டாக்டரின் நாயைப் பற்றி வாயைத் திறக்காதே என்று, அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை எனக்காகத்தான் சொல்லிவைத்தார்கள். நாற்காலி போட்டு நேர்காணல் நடத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் அப்படியில்லையே. ஒருநாள் முழுக்கக் கூடவே வேலை செய்ய விட்டு, சாயங்காலம் டாக்டர்கள், நர்ஸ், வரவேற்பில் உட்காரும் பெண், கூண்டு கழுவுகிறவர் வரைக்கும் எல்லாரையும் கூட்டி வைத்து, இவர் எப்படி என்று கேட்கிறார்கள். அன்று காலை பெரிய டாக்டரின் அறையில் அந்தக் கிழட்டு நாய் படுத்திருந்தது. வயிறு பானை மாதிரி தொங்குகிறது, முதுகில் முடி கொட்டியிருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்துத் தண்ணீரைக் காலி பண்ணிவிட்டு இன்னும் கேட்கிறது. வயசாயிடுச்சு அதுக்கு என்றார் அவர். நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் நிற்கும்போது, "வயசு இல்ல சார், வியாதி. அட்ரினல் சுரப்பியைப் பாருங்க, ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும்" என்றேன். ஊரார் நாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவரிடம், உன் நாயை நீ பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது இரண்டு வார்த்தை இருக்கும். நன்றி, போய்வாருங்கள்.

இன்னொன்று. உன் கடிதத்தில் எலும்பு டாக்டர் எலும்பு டாக்டர் என்று வருகிறதே, அவர் என்ன தினமும் உங்கள் எல்லாருக்கும் டீ வாங்கித் தருகிறாரா, உனக்கு மட்டுமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நம் வீட்டு நாய் இன்னும் உன் பழைய செருப்பின்மேல்தான் தூங்குகிறது. மூன்று கால்தான் என்றாலும் ஓடிப்போய் அதன்மேல் படுத்துக்கொள்கிறது. மூன்று வேளையும் சோறு வைக்கிறவன் நான்.

விண்ணப்பம் போடுவதைப் பற்றி யோசிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் முன்னாள் வாத்தியார்

*

அன்புள்ள டாக்டரம்மா,

நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்கும் பொறுமை இல்லை.

பெரிய டாக்டரின் நாய் மயங்கி விழுந்ததாம், எலும்பு டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினாராம், அட்ரினல் சுரப்பியில் கோளாறு என்று வந்ததாம், மருந்து தொடங்கி நாய் இப்போது வாலாட்டுகிறதாம், ஆஸ்பத்திரியே அவரைக் கொண்டாடுகிறதாம். எழுதியிருக்கிறாய், சரி. அந்த வரிக்குப் பக்கத்தில், இதை முதலில் சொன்னது நீதான் என்று ஒரு வார்த்தை எழுத உனக்குக் கை வரவில்லையா? உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன். சொன்ன எனக்கு வேலை போச்சு. ஊசி குத்தின அவருக்குக் கைதட்டல். அந்த நாய் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நாய்மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அது இருக்கட்டும். மழை பெய்த அன்று உன்னை விடுதி வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கத் துணைக்கு வரட்டுமா என்று கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனுஷர் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனுஷராகத்தான் இருப்பார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி புது ஊரில் தனியாக இருந்தால் எந்த நல்ல மனுஷரும் கேட்பதுதான்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று தெரிந்தால் இரண்டு விண்ணப்பத்தையும் ஒதுக்கிவிடுவார்கள், ஜோடியாகச் சேர்த்தால் ஜோடியாக லீவு கேட்பார்கள், ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் இன்னொருத்தரும் கூடவே போய்விடுவார் என்று பயப்படுவார்கள், அதனால் கல்யாணமானதைச் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொன்னது நான். விலாசத்துக்கு உன் அக்கா வீட்டைக் கொடு என்றதும் நான். வேண்டாம், பின்னால் தலைவலியாகும் என்று நீ சொன்னாய். வேலை தேடுவதில் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் நீ யாருக்கும் மனைவியில்லை, நான் நாயைப் பற்றி உளறிவிட்டுப் போன ஏதோ ஒரு ஆள்.

சொல்லிவிடு. எனக்கு ஒரு புருஷன் இருக்கிறான் என்று சொல்லிவிடு.

இல்லை, சொல்லாதே. பொய் சொல்லி வேலைக்கு வந்தாய் என்று உன்னை வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது? என் வயிற்றெரிச்சலுக்காக நீ தெருவுக்கு வர வேண்டுமா? உன் அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் உன் சம்பளத்தில்தான் ஓடுகிறது. நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார். நான் இதை எழுதியதே தப்பு. ஆனாலும் கிழிக்கப்போவதில்லை, கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், அது இதைவிட மோசமாக இருக்கும். இப்போதே போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனாயா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
கோழிக்குச் சாப்பாடு விற்கிறவன்

*

என் அன்புள்ளவளுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என்னுடையதைப் பிரிக்காமலே அடுப்பில் போடு என்று எழுத நினைத்தேன். அதற்குள் பிரித்துப் படித்திருப்பாய். போகட்டும்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பெரிய டாக்டர் டீ குடிக்கிற நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, இந்த நாயைப் பார்த்த உடனே கண்டுபிடித்தவன் வேறொருவன், எனக்குத்தான் அன்று அது ஏறவில்லை, மூக்கு உடைந்த கோபத்தில் அவனை அனுப்பிவிட்டேன், அவன் சொன்ன அன்றே பார்த்திருந்தால் இது மயங்கி விழுந்திருக்காது என்று சொன்னாராமே. அவன் இப்போது எங்கே இருக்கிறான், யாருக்காவது தெரியுமா என்று கேட்டாராமே. எலும்பு டாக்டர் பக்கத்திலேயே நின்றாராம். நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும் சார், எங்க வீட்டுல இருக்கார். அவர் என் புருஷன்" என்றாயாமே.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அம்மா என்ன என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். அதுக்கென்ன இப்போ, புருஷனைப் புருஷன்னுதானே சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும், உன் வேலையையே நீ டீ கிளாஸோடு மேசைமேல் பணயம் வைத்திருக்கிறாய் என்று? நான் அதைச் சொல்லாதே என்றும் சொல் என்றும் ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது நீ சொல்லியே முடித்திருக்கிறாய்.

பெரிய டாக்டர் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, ரெண்டு பேரும் ஒரே நாளில் லீவு கேட்பீர்களா என்று கேட்டாராம். பார்த்தாயா, அந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதானே! எதிலாவது ஒன்றில் நான் சரியாக இருந்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க நீ போகவேயில்லை என்பதையும் படித்தேன். எலும்பு டாக்டர் உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, புருஷன் வந்தால் தகடு வைக்கிற வேலையை அவருக்கும் சொல்லித்தருகிறேன் என்றாராம். நல்ல மனுஷர்தான். அதனால்தான் எரிச்சலே.

வருகிற புதன்கிழமை என்னை மறுபடி ஒருநாள் வேலை செய்து காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ மறுபடியும் அறிவுரை அனுப்பியிருக்கிறாய். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பூனையை மேசையில் வைப்பதற்கு முன் துணி விரிக்க வேண்டும், முதல் ஆறு மாதம் யார் கூட இருந்து சொல்லித்தருவார்கள் என்று நானே கேட்க வேண்டும், இரவு வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேட்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். நீ அங்கே எனக்கு மேலே இருப்பாய், ஆபரேஷன் நேரத்தில் கத்தரியைக் கொடு என்பாய், நான் கொடுக்க வேண்டும். பரவாயில்லை. கொடுப்பேன். கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. உன் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். விண்ணப்பம் போடு என்று எழுதியிருக்கிறாய். இப்படி நட, அப்படிப் பேசு என்று எழுதியிருக்கிறாய். இடம் காலி, சம்பளம் இவ்வளவு என்று எழுதியிருக்கிறாய். வா என்று எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. மறந்திருப்பாய். இல்லை, அங்கே தனியாக, யாரும் மேலே நின்று சொல்லிக்கொடுக்காமல், நிம்மதியாக இருக்கிறதோ என்னவோ. அப்படியிருந்தால் அதுவும் எனக்குப் புரியும். பொறாமைப்படுகிறவனோடு ஒரே வீட்டிலும் ஒரே ஆஸ்பத்திரியிலும் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கப்படி எல்லாரையும் கூட்டி, இவர் எப்படி என்று கேட்பார்கள். வரவேற்புப் பெண்ணைக் கேட்பார்கள், கூண்டு கழுவுகிறவரைக் கேட்பார்கள். உன்னையும் கேட்பார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பெரிய டாக்டரின் நாய் என் காலடியில் படுத்திருந்தாலும் படுத்திருக்கும். நீ எனக்காகப் பொய் எதுவும் சொல்ல வேண்டாம். வாய் நீளம், பொறாமைக்காரன், கண் மட்டும் நன்றாகத் தெரியும் என்று உள்ளதை உள்ளபடி சொல். அதெல்லாம் சொல்லி முடித்ததும், வரட்டும் என்று உனக்குத் தோன்றினால், அதை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல், எனக்கும் கேட்கும்படி.

இங்கிருந்து ரயில் ஏறும்போது நம் நாயையும் உன் செருப்பையும் உன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. உன் கை நடுங்காமல் இருக்கட்டும்.

உன் புருஷன்