வக்கீலம்மாவின் தொண்டை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஆஸ்பத்திரி கோட்டுகள் மட்டும் நாற்பது. ஒரு டாக்டர் பையில் பாதி தின்ற பிஸ்கட்டை விட்டிருந்தார். பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன். பிஸ்கட்டுக்கும் மடிப்பு விழுந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா வந்தாள். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் டப்பிங் பேசின வெளிநாட்டு வக்கீல் தொடரை, போனில் படம் காட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கப் போகிறதாம். அப்போது பிறக்காத பிள்ளைகளெல்லாம் பார்க்கப் போகிறார்களாம்.

நாங்கள் என்று எழுதிவிட்டேன். பேசியது நான். டப்பிங் சங்கத்து அட்டை இருந்தால்தான் பேச விடுவார்கள், அது அவளுடையது. நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் திரையில் வக்கீலம்மா வாயை மூடிவிடுவாள். அதனால் அக்கா தாளைப் பார்த்து என் காதில் சொல்லுவாள், நான் உதட்டைப் பார்த்து மைக்கில் விடுவேன். அவளே பேசினால் மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி இருக்கும்.

பழைய ஒப்பந்தத்தில் டிவி என்று மட்டும்தான் இருக்கிறதாம். போனில் காட்ட, பேசினவர் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி அட்டையைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது.

"நான் போட்டுட்டு வந்துடறேன்டி."

"போடு, போடு. உன் கையெழுத்து பாக்க லட்சணமா இருக்கும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்கு எதற்கு வயிறு எரிகிறது?

மார்ச் 7, வெள்ளி

அக்கா மருமகள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள்: 'அந்த வக்கீலம்மா குரல் எங்க அத்தைதான்!' எனக்கும் வந்தது. கட்டைவிரல் படம் ஒன்று தட்டிவிட்டேன். வேறு என்ன விரலைக் காட்ட?

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரர் கேட்டார், "மத்த நாளெல்லாம் மூடாத வாய இப்ப எதுக்கு மூடி வச்சிருக்க?" ரோஷம் வந்து அக்கா வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேர் பெயரையும் போடச் சொல் என்றேன். கடைசியில் ஓடுமே, அந்தப் பொடி எழுத்துப் பட்டியல், அதில்.

"போட்டா அன்னிக்கு பொய் சொன்னோம்னு ஆயிடும்டி. பேப்பர்ல ஒரு சந்தேகம் வந்தாலும் பழைய சத்தமே வேணாம்னு புது ஆளுங்கள வச்சு பேசிடுவாங்களாம். அந்த கம்பெனிப் பொண்ணு சொல்லிச்சு. அப்புறம் என் பேரும் இருக்காது, உன் குரலும் இருக்காது."

"எனக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்துடணுமா?"

"நான் காதுல சொல்லலன்னா நீ என்னத்தப் பேசியிருப்ப?"

அதுவும் நிஜம்தான். நிஜம் என்பதால்தான் வலிக்கிறது.

மார்ச் 19, புதன்

அக்காவே தேடி வந்தாள். ஒரு பாகத்தின் ஒலிநாடா பூஞ்சை பிடித்துப் போயிற்றாம். பேசினவரே வந்து அதை மட்டும் திரும்பப் பேசித்தர வேண்டுமாம். ரெக்கார்டிங் அறையில் அதே பழைய சவுண்டு அண்ணன்தான், அவருக்கு எல்லாம் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

"உன்ன துணைக்கு வந்த ஆளுன்னு சொல்லிக்கறேன். வாடி, என் தங்கம்ல?"

தங்கமாம். தேவைப்படும்போது தங்கம், பட்டியலில் பித்தளை.

வருகிறேன் என்றேன். வெட்கம் கெட்ட எனக்குச் சந்தோஷம் வேறு.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அறை சின்னது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் காதோரம் நின்றாள். முதல் வரியைச் சொன்னாள். பேசினேன். வந்துவிட்டது! கூண்டில் நிற்கிறவனை வக்கீலம்மா மிரட்டுகிற இடம். எனக்கே முதுகு நிமிர்ந்தது. சவுண்டு அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நல்லாத்தான் பேசினோம். ஆமாம், பேசினோம்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால் கம்பெனிப் பெண் கோப்போடு நிற்கிறாள். கடைசி வரியை வெளியே ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இத்தன வருஷம் ஆகியும் குரல் அப்படியே இருக்கே!" என்றாள்.

அக்கா கூச்சமே இல்லாமல், "எல்லாம் பழக்கந்தான்" என்றாள்.

என் வாய் சும்மா இருக்குமா?

"ஆமாம்மா. அவ தொண்டைய இத்தன வருஷமா நான்தான் பத்திரமா வச்சிருந்தேன், என் கழுத்துக்குள்ள."

சவுண்டு அண்ணன் பக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்படின்னா?" என்று என்னைப் பார்த்தாள்.

அக்கா முகம் வெளுத்துப் போயிற்று. 'சும்மா தமாஷும்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா போன். "இப்ப குளுந்துச்சா?" வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனிப் பெண் பேசினாள். மரியாதையாகத்தான்.

"அவங்க கையெழுத்த வச்சு அந்தக் குரல நாங்க வாங்க முடியாதும்மா."

"நான் போட்டுத் தரேனே. என் பேரு எழுத வரும் எனக்கு."

"நீங்க பேசினதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையேம்மா."

"பேசிக் காட்டறேனே!"

அப்புறம், மன்னிச்சுக்கங்க, மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள், எல்லாப் பாகத்துக்கும் புதுக் குரல் என்றாள். பழைய ஒலிநாடாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியாதாம்.

ஏப்ரல் 3

வேலைக்குப் போகவில்லை. என்னடி பண்ணி வச்ச? யாருக்காக?

ஜூன் 21, சனி

தொடர் போனில் வந்துவிட்டது. மத்தியானம் கடையில் பொத்தான் தைக்கிறவள், தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வக்கீல் நாடகத்துக்குக் குரல் குடுத்தேன்னு சொல்வீங்களே, இதுவா?"

"இல்லடி, அது வேற."

"இவ பேசறதக் கேளுங்களேன். நிஜ வக்கீல் மாதிரியே இருக்கு."

"அவ படிச்சவளா இருப்பா" என்றேன். கடையே சிரித்தது.

மனசு கேட்கவில்லை. பின்பக்கம் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக எடுத்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"எப்படிப் பேசறா?"

"நல்லாவே பேசறா" என்றாள்.

உள்ளே வந்து மிச்சம் இருந்த சட்டைகளைத் தேய்த்து முடித்தேன்.