பிரிக்காத டப்பாக்கள்

அக்கா,

அப்பாவின் ரத்தத்தில் புராஸ்டேட் புற்றுநோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு நாற்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியதைச் சொன்னபோது சந்தோஷத்தில் அழுதாய். மாதாமாதம் அரியலூரிலிருந்து நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பும் முள்சீத்தாப் பொடிதான் காரணம் என்றாய். நான் மறுக்கவில்லை.

அந்தப் பொடியை அப்பா இரண்டு நாள்தான் குடித்தார். வயிற்றைப் புரட்டியது. மற்ற ஐந்து டப்பாக்களும் பரணில் பிரிக்காமல் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரம்பலூரில் போடும் ஊசிதான் அவருக்கு வைத்தியம். “புள்ள ஆசையா அனுப்புது. குடிக்கிறேன்னே சொல்லிட்டுப் போடா” என்றார். எனக்கும் அதில் தவறு தெரியவில்லை.

நேற்று உன் மாமனார் போனில் பேசினார். “ஒங்கப்பாருக்குப் பொடியிலயே கொறைஞ்சுடுச்சாமே தம்பி. எனக்கும் அதே புராஸ்டேட் புத்துநோய்தானே? ஊசிய நிறுத்திட்டேன்.”

உண்மையைச் சொன்னேன். சிரித்தார்.

“எம் மருமவ பொய் சொல்லுமா?”

நீ சொன்னால்தான் கேட்பார். ஐந்து டப்பாக்களையும் அப்பாவின் ஊசிச் சீட்டுகளையும் இந்தக் கடிதத்தோடு அதே பஸ்ஸில் அனுப்புகிறேன். அனுப்பட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவரே டப்பாக்களை இறக்கித் தூசி துடைத்தார்.

“அவ மனசு நோவாம எழுதுடா” என்றார்.

எனக்கு அப்படி எழுதத் தெரியவில்லை. நாளைக்கே உன் மாமனாரை ஊசிக்கு அழைத்துப்போ.

தம்பி